அரைச் சிப்பாய்

முதல் சுற்று, மேசை ஒன்பது.
வெள்ளை: ஷூர்ட் ஹூக்ஸ்மா, கிராண்ட்மாஸ்டர், நெதர்லாந்து.
கருப்பு: இ. சொர்ணம், ரயில்வே, மும்பை.
முன்பதிவு கவுண்டரில் பக்கத்து நாற்காலி மோகிதே
போனை எட்டிப் பார்த்துவிட்டு
எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தான்.
அவன் யாருக்கும் டீ வாங்கித் தருபவனல்ல.

இரவு அவர் ஆட்டங்களைப் பார்த்தேன்,
குக்கர் மூன்று விசில் தாண்டியது தெரியாமல்.
தியாகம் இல்லை, பாய்ச்சல் இல்லை.
பன்னிரண்டாவது நகர்த்தலில் ராணிகள் கிளம்பிவிடுகின்றன,
பந்தி முடிந்ததும் பஸ் பிடிக்கப் போகிற அத்தைகள் மாதிரி.
அதற்குப் பிறகுதான் மனிதர்
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார்.

பட்டம் வாங்கும்போது வயது முப்பத்து நான்கு.
தேசியப் போட்டியில் ஐந்து முறை இரண்டாமிடம்.
முதலிடம் ஒருமுறையும் இல்லை.
பத்துக்கு ஆறு டிரா.
பகலில் ஊர் நீர்வாரியத்தில் கணக்கராம்:
எந்தக் கரை எந்த வருடம்
எத்தனை அங்குலம் இறங்கியது என்று எழுதுகிற வேலை.

எல்லா ஆட்டத்திலும் எஞ்சின் ஒன்றையே சொன்னது:
வெள்ளைக்கு அரைச் சிப்பாய் கூடுதல்.
அரைச் சிப்பாயை எந்தக் கட்டத்தில் வைப்பது?
அந்த அரையில்தான்
அவர் வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்,
முப்பது வருடம் ஊர் ஊராய் விமானம் ஏறினார்.

தாதர் மண்டபம். ஜூலை. கண்ணாடி தெரியாத மழை.
குதிரைக்கு நான் ‘என்’ எழுதினால்
அவர் ‘பி’ எழுதுகிறார்.
என் யானை அவருக்குக் கோபுரம்.
என் மந்திரி அவருக்கு ஓடுகிறவன்.
ராஜா மட்டும்
இரண்டு தாளிலும் ஒரே எழுத்து.

முப்பத்தொன்றில் டிரா கேட்டேன்.
பலகையை மறுபடி முழுதாகப் பார்த்தார்,
கேட்டதற்காகவே பார்ப்பதுபோல.
தலையை மெல்ல அசைத்தார். இல்லை.
நாற்பதில் அவர் ராஜா வெளியே வந்தது,
குடையை மறந்தவர்
திரும்பப் போகச் சோம்பி நடப்பதுபோல.

சிப்பாய்கள் தாக்கவில்லை.
கரை போட்டன.
ஒரு கட்டம். அதை ஒட்டி இன்னொன்று.
என் காய்கள் எல்லாம் இருந்தன,
நிற்க இடமும் இருந்தது,
திரும்பத்தான் இடமில்லை.
மாலை ஆறேகால் கல்யாண் ஃபாஸ்ட்டில் ஏறியவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டாம்.

எண்பத்தேழு.
என் முறை.
எதைத் தொட்டாலும் உடையும்,
தொடாமலிருக்க விதியில்லை.
கை நீட்டினேன்.
அவர் கை சில்லென்றிருந்தது.

ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
ஜன்னலைக் காட்டினார்.
கீழே சாலையில் டாக்சிகளுக்குச் சக்கரம் இல்லை.
“இந்தத் தண்ணீர் எங்கே போகும்?”
கடலுக்கு, என்றேன்.
“கடல் ஏறியிருந்தால்?”
இறங்கும்வரை நிற்கும்.
“நிற்குமா?” என்றார்,
தான் பார்க்காத ஒரு நகர்த்தலை
நான் சொல்லிவிட்டதுபோல.
பாதி உலர்ந்த கோட்டோடு
சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே
தண்டவாளம் மூழ்கி, வண்டி நின்றது இரண்டு மணி நேரம்.
எதிர் சீட்டுப் பெண் வெண்டைக்காய் நறுக்கி முடித்து
என் மடியில் காந்தப் பலகையைப் பார்த்தாள்.
அறுபத்தொன்றுக்குத் திரும்பிப்போனேன்.
அங்கே ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருக்கிறேன்,
காரணமில்லாமல்,
கை சும்மா இருக்கமாட்டாமல்.
அதை விட்டுவைத்திருந்தால்
எண்பத்தேழில் நகர்த்த ஒன்று மிஞ்சியிருக்கும்.
அவர் கரை உடைந்திருக்காது.
என்னுடையதும்.

சிப்பாயைப் பழைய கட்டத்தில் வைத்தேன்.
“யார் ஜெயிக்கிறது?” என்றாள் இந்தியில்.
இன்னும் யாருமில்லை, என்றேன்.
வண்டி ஒருமுறை குலுங்கி
மறுபடி நின்றது.